கேட்டுச்சொல்லி

ஒருவருடைய உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலைக் கேட்டு மனுச் செய்தால், மனு கிடைத்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அதைக் கொடுக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு ஏழு, உட்பிரிவு ஒன்று, அதன் கீழ் வரும் காப்புரை. மற்றத் தகவல்களுக்கு முப்பது நாள். இந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தை எழுதியவர் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினாரோ தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு தபால், அலுவலக வாசலில் இருந்து உரிய மேஜைக்குப் போவதற்கே அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். இதை நான் அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

"விதில இருக்குல்லா சார்?" என்றாள்.

இருக்கிறது. விதியில் எல்லாம் இருக்கிறது.

நான் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு சனிக்கிழமைகளில் கோவில்பட்டியில் ஒரு மாடி அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு சட்டக் கல்லூரி அங்கே சிறார் சட்ட உதவி மையம் நடத்தியது. கீழே தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சகம். மிஷின் ஓடினால் மேலே மேஜை ஆடும். கடைசி வருஷ மாணவர்கள் நாலைந்து பேர் பேராசிரியையுடன் பஸ்ஸில் வருவார்கள். குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைகளுக்காக எப்படி நிற்பது என்று கற்றுக்கொள்வது அவர்கள் பாடம். அவர்கள் இன்னும் வக்கீல்கள் இல்லை. வக்காலத்துப் போட முடியாது, வாதாட முடியாது. பிள்ளைகளோடு பேசலாம், காகிதங்களைப் படிக்கலாம், சட்ட உதவி வக்கீலுக்குக் குறிப்பு எழுதித் தரலாம்; இளைஞர் நீதிக் குழுமம் அனுமதித்தால் பிள்ளையின் பக்கத்தில் உட்காரலாம். அவர்கள் எழுதுகிற மனுக்களின் லட்சணத்தைச் சரி பார்ப்பது என் வேலை. சம்பளம் இல்லாத வேலை என்பதால் குறை சொல்ல எனக்கு முழு உரிமை இருந்தது.

அந்தப் பெண் இந்த மாணவர்களில் ஒருத்தி. அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை. வழக்கில் உள்ள பிள்ளையின் பெயரை வெளியிடக் கூடாது என்பது சட்டம்; அவள் பெயரைச் சொன்னால் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும். அவள் பெயரை வெளியிட அவளிடம் நான் அனுமதி கேட்கவில்லை என்பது இன்னொரு காரணம். அவளைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் பெரிய காரணமாக இருந்திருக்கும்.

கேட்டுச்சொல்லி என்பது அவளுக்கு மற்ற மாணவர்கள் வைத்த பெயர். டீ வாங்க ஆள் அனுப்பும்போது, "உன் சிநேகிதிக்கு டீயாம்மா காபியா?" என்று நான் கேட்டால், "கேட்டுச் சொல்லுதேன் சார்" என்று எழுந்து போவாள். சிநேகிதி வராந்தாவில் போன் பேசிக்கொண்டிருப்பாள்.

"ஏட்டி, மூணு வருஷமா ஒரே ரூம்ல இருக்கோம். நான் டீதான் குடிப்பேன்னு உனக்குத் தெரியாதா?"

"நேத்து வரைக்கும் தெரியும். இன்னைக்கு எப்படித் தெரியும்?"

ஆரம்பத்தில் இது ஒரு கோணல் என்றுதான் நினைத்தேன். மந்தம் என்றும் நினைத்தேன். பேராசிரியை ஒரு நாள் மாணவர்களை வரிசையாகக் கேட்டார்: "உங்க கட்சிக்காரருக்கு என்ன வேணும்?" ஒருவன் ஜாமீன் என்றான். ஒருத்தி விடுதலை என்றாள். இவள் முறை வந்தபோது, "தெரியாது மேடம். இன்னும் அவன்ட்ட கேக்கல" என்றாள். அந்தப் பருவத்துக்கான மதிப்பீட்டில், நேர்காணல் திறன் என்ற இடத்துக்கு எதிரே 'வேகம் போதாது' என்று பேராசிரியை எழுதியதை நான் பார்த்தேன். அதை நான் ஆட்சேபிக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

மனு எழுதும் கலையில் அவள் ஒரு பேரழிவு. ஓரத்தில் இடம் விடத் தெரியாது. கட்டண வில்லையைத் தலைகீழாக ஒட்டுவாள். குழுமத்துக்கு எழுதிய முதல் மனுவை, 'பொருள்' என்று போட்டு, விடுப்பு விண்ணப்பம் மாதிரி ஆரம்பித்தாள். "கீழே 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி'ன்னு போடலையாம்மா?" என்று கேட்டேன். "போடணுமா சார்?" என்று பேனாவைத் திறந்தாள்.

அவளுக்கு ஒதுக்கப்பட்டவன் புதூர்ப் பக்கத்துப் பையன். பதினைந்து வயது. செம்மறி மேய்க்கிற குடும்பம். காற்றாலை ஒன்றில் செம்புக் கம்பி திருட்டுப் போனது. புரட்டாசியில் ஒரு நாள், மதியம் மூன்று மணிக்கு ஆட்டுக்காரப் பையன் ஒருவன் கம்பிச் சுருளோடு போனதைப் பார்த்ததாகக் காவலாளி சொன்னார். அந்தப் பக்கத்தில் ஆட்டுக்காரப் பையன்கள் பலர். போலீஸுக்குக் கிடைத்தவன் இவன். இப்படிப்பட்ட சின்னக் குற்றத்தில் சிறார் மேல் முதல் தகவல் அறிக்கை போடக் கூடாது, பொது நாட்குறிப்பில் எழுதினால் போதும் என்று விதி. போட்டிருந்தார்கள். சீருடையில் போய்ப் பிடிக்கக் கூடாது என்று விதி. சீருடையில்தான் போனார்கள். சிறார் விவரம் வெளியே தெரியக் கூடாது என்று விதி. ஜீப்பில் ஏற்றிய நேரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அவன் வீட்டில் அதுதான் பெரிய அடி. மழைக்கு முன்னால் தங்கள் நிலத்தில் ஆட்டுக்கிடை போடச் சொல்லி நிலக்காரர்கள் கூப்பிடுவார்கள். ராத்திரி முழுக்க மந்தை அங்கே அடைந்து கிடக்கும். புழுக்கை அப்படியே நிலத்துக்கு எரு. அந்தக் கிடைக் கூலியில்தான் குடும்பம் ஓடுகிறது. வழக்கு வந்த வாரமே மூன்று நிலக்காரர்கள், "இந்த வருசம் வேண்டாம்பா, பிறகு பாப்போம்" என்று சொல்லிவிட்டார்கள். களவாணிப் பயலை ராத்திரி தன் நிலத்தில் படுக்க வைக்க யாருக்கு மனசு வரும்? மோட்டார் இருக்கிறது, ஒயர் இருக்கிறது.

முதல் சனிக்கிழமை அம்மா பேசினாள், பையன் பேசவில்லை. "அவனுக்கு ஒண்ணும் தெரியாது தாயி, நான் சொல்லுதேன்" என்றாள் அம்மா. கேட்டுச்சொல்லி முழுவதையும் குறித்துக்கொண்டு, "சரிம்மா. இப்ப கொஞ்சம் கீழ இருக்கீங்களா? அவன்ட்ட கேக்கணும்" என்றாள். அவன் அன்றைக்கும் பேசவில்லை, அடுத்த வாரமும் பேசவில்லை. அவள் வற்புறுத்தவில்லை. மூன்றாவது வாரம் பேச்சு வளர்க்க நினைத்து, "உங்க வீட்ல எத்தனை வெள்ளாடு?" என்று கேட்டாள். அவனால் பொறுக்க முடியவில்லை.

"வெள்ளாடு இல்லக்கா. செம்மறி. வெள்ளாடு வேற."

"என்ன வித்தியாசம்?"

அரை மணி நேரம் விளக்கினான். சட்டக் கல்லூரியில் ஐந்தாவது வருஷம் படிக்கிற ஒருத்தி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நடிப்பு என்று நினைத்தேன். நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அது முடிந்தபோது அவனாகச் சொன்னான்: "நான் எடுக்கலக்கா. அன்னைக்கு ஆட்டுக்கு ஊசி போட்டாவ."

அன்று மதியம் மந்தை நாகலாபுரம் பக்கம் இருந்தது. காற்றாலையில் இருந்து நெடுந்தூரம். கால்நடை மருத்துவர் நிலத்துக்கே வந்து தடுப்பூசி போட்டார். இவன்தான் ஒவ்வொரு ஆடாகப் பிடித்துக் கொடுத்தான். டாக்டர் நோட்டில் எழுதினார்.

"இதைப் போலீஸ்ட்ட சொன்னியாலே?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"யாரும் கேக்கல சார்."

மார்கழியில் குழுமத்தின் அமர்வு. குழுமம் நீதிமன்றம் மாதிரி இருக்கக் கூடாது, மேடை கூடாது, கூண்டு கூடாது. சம்பந்தமில்லாதவர்கள் உள்ளே இருக்கவும் கூடாது. நான் சம்பந்தமில்லாதவன். அதனால் உள்ளே நடந்ததை, வெளியே வந்து என்னிடம் புலம்பிய சட்ட உதவி வக்கீலின் வாய்மொழியாக எழுதுகிறேன்.

வக்கீல் கெட்டவர் இல்லை. அவசரக்காரர். ஒத்துக்கொண்டால் அறிவுரை சொல்லி அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். என் அனுபவமும் அதுதான். முந்தின நாள் நானே அவளிடம் சொல்லியிருந்தேன்: "ஒத்துக்கச் சொல்லும்மா. சிறார் வழக்குல எந்தத் தகுதியிழப்பும் வராது, காகிதத்தையும் பிறகு அழிச்சிருவாங்க. சட்டத்துல இருக்கு." அவள், "அவன்ட்ட கேட்டேன் சார். மாட்டேங்கான்" என்றாள். காகிதத்தை அழிப்பார்கள் என்று நான் சொன்னதிலும் எனக்கே முழு நம்பிக்கை இல்லை. என் பணிக்காலத்தில் கரையான் அழித்த கோப்புகள்தான் அதிகம்.

உள்ளே நடுவர் அம்மா காகிதத்தைப் பார்த்தபடி, "ஒத்துக்கிடுதானா?" என்று வக்கீலைக் கேட்டார். வக்கீல் அவளைப் பார்த்தார். அவள் எழுந்து, "அவன்ட்டயே கேளுங்கம்மா" என்றாள். நடுவர் நிமிர்ந்து பையனைக் கேட்டார்.

"எடுக்கலம்மா" என்றான்.

அப்போதுதான் சிக்கல். நடவடிக்கைத் தாளில் 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது. நேரம் மிச்சம் செய்ய, கேட்பதற்கு முன்பே பதிலை அடித்து வைப்பது ஒரு பழக்கம். நடுவர் அந்த வார்த்தையைப் பேனாவால் அடித்து, மேலே 'மறுத்தார்' என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார்.

"முப்பது வருசத்துல இப்பிடி நான் பாத்ததே இல்ல அண்ணாச்சி," என்றார் வக்கீல். "டைப் அடிச்ச பிறகு கேட்டிருக்காவ."

அந்தப் பழக்கத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் என் பணிக்காலத்தில், காலை ஒன்பதரை மணிக்கு, பதினொரு மணிக்கு வரப்போகிறவர்களின் ஒப்புதலை வரிசையாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். பிழையில்லாமல் செய்வேன். அதற்காகப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். ஒருவர்கூட மறுத்ததில்லை என்பதை அதுவரை நான் சட்டத்தின் வலிமை என்றே நினைத்திருந்தேன்.

தடுப்பூசிப் பதிவேட்டின் அந்த ஒரு பக்கம் வேண்டும். வக்கீல் மனுப் போடத் தயங்கினார், பார்க்கலாம் என்றார். வக்காலத்து இல்லாத மாணவியால் செய்யக்கூடியது தகவல் உரிமை மனு ஒன்றுதான். அதையும் தன் பெயரில் போடமாட்டேன் என்றாள். பையன் பெயரில் போட வேண்டுமாம்.

"மைனர் போட முடியாதும்மா."

"சட்டத்துல குடிமகன்னுதான் சார் இருக்கு. வயசு போடல."

வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் பார்த்தேன். போடவில்லை. அன்றிரவே மூன்று பக்கத்தில் ஒரு மனு தயார் செய்தேன். 'மேற்படி' பதினோரு இடத்தில் வரும், ஒன்றும் வீண் கிடையாது. மறுவாரம் அவள் அதைப் பையனுக்கு வாசித்துக் காட்டினாள். அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, "இது யாரு பேசுதா?" என்றான். அதோடு என் மனு தள்ளுபடி. அவனே எழுதினான்: 'ஐயா, புரட்டாசி மாசம் எங்க ஆட்டுக்கு ஊசி போட்டீங்க. நான்தான் ஆட்டைப் பிடிச்சேன். அந்த நோட்டுல அந்தப் பக்கத்தை எனக்கு நகல் தாங்க. என் மேல கேசு இருக்கு.' அவன் அனுமதியோடு அவள் கீழே ஒரு வரி சேர்த்தாள்: பிரிவு ஏழு, காப்புரை, நாற்பத்தெட்டு மணி நேரம். கிடை இன்றைக்கு எங்கே இருக்கும் என்று தபால்காரருக்குத் தெரியாது என்பதால் மையத்தின் முகவரி. அனுப்பிய நாள் டிசம்பர் 29. என்னிடம் பதிவேடு இருக்கிறது.

பதில் வரவில்லை. முப்பது நாளும் போனது. மேல்முறையீடு போட்டாள். அதற்கும் வரவில்லை. மருந்தகத்துக்குப் பையனையும் கூட்டிக்கொண்டு நேரில் போனாள். பதிவேடு தணிக்கைக்குப் போயிருக்கிறது என்றார்கள். டாக்டர் மாறுதலில் போய்விட்டார் என்றார்கள்.

பங்குனி வந்தது. வக்கீல் ஒரு சனிக்கிழமை மலர்ந்த முகத்தோடு மாடி ஏறி வந்தார். சின்னக் குற்றமென்றால், முதலில் ஆஜர்படுத்திய நாளில் இருந்து நாலு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும்; நீட்டித்தால் இன்னும் இரண்டு மாதம். அதற்குள் முடியாவிட்டால் நடவடிக்கை தானாக முடிவுக்கு வந்துவிடும். ஆறு மாதம் முடிய மூன்று வாரம்தான் பாக்கி. ஒரு வாய்தா வாங்கினால் போதும். நானும் விதியைச் சரி பார்த்துத் தலையசைத்தேன். பேராசிரியைக்கும் சந்தோஷம்.

"கேட்டுச் சொல்லுதேன்" என்றாள் அவள்.

மூலையில் உட்கார்ந்திருந்த பையனிடம் போய் எல்லாவற்றையும் அவன் பேச்சில் சொன்னாள். அவன் யோசித்தான்.

"தானா முடிஞ்சிரும்னா, எடுத்தேன்னு முடியுமா, எடுக்கலைன்னு முடியுமா?"

அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். வக்கீல் என்னைப் பார்த்தார். நான் பேராசிரியையைப் பார்த்தேன். கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டும் எழுத மாட்டாங்க" என்றேன் நான்.

"அப்ப வேண்டாம்."

வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, தானா விழப்போற கேசை எதுக்குத் தாங்கிப் பிடிக்கே? விசாரணைன்னு நடந்து காவலாளி சொல்லுததை நம்பிட்டாவன்னா?"

நியாயமான கேள்வி. அவளும் அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டாள். பையனிடம் திரும்பி, எதையும் மூடி மறைக்காமல் சொன்னாள். "தோத்தா எடுத்தேன்னு எழுதிருவாங்க. சும்மா இருந்தா ஒண்ணுமே எழுத மாட்டாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லு. இன்னைக்கே சொல்லணும்னு இல்ல."

"ஒண்ணும் எழுதலைன்னா ஊர்க்காரவிய அவியளே எழுதிக்கிடுவாவ" என்றான்.

அவன் அம்மா கீழே இருந்து ஏறி வந்து, "ஏலே, பெரியவிய சொல்லுதாவள்லா, கேளேன்" என்று அழுதாள். கேட்டுச்சொல்லி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் மனுவைப் பையன் சொன்னபடிதான் எழுதினாள்: வாய்தா வேண்டாம், விசாரித்து முடிவு சொல்லுங்கள். ஓரத்தில் சரியாக இடம் விட்டிருந்தாள். வக்கீல் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

டாக்டரைக் கண்டுபிடிக்க அவளுக்குப் பத்து நாள் ஆனது. மூன்று மருந்தகங்களில் விசாரித்து, தேனிப் பக்கம் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன். நடந்ததைச் சொல்லி, "வர முடியுமா சார்? யோசிச்சுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். "யோசிக்கவெல்லாம் விடக் கூடாதும்மா" என்றேன். மறுநாள் அவரே கூப்பிட்டு, சொந்த விடுப்பில் வருவதாகச் சொன்னார்.

சித்திரையில், கெடு முடிய நாலு நாள் இருந்தபோது, அமர்வு நடந்தது; இதுவும் வக்கீல் வெளியே வந்து சொன்னதுதான். காவலாளி தான் பார்த்தது இந்தப் பையன் மாதிரிதான் இருந்தது என்றார். டாக்டர் தேதியும் நேரமும் சொன்னார். ஆறு மாதத்துக்கு முன் நடந்தது, பதிவேடும் இல்லாமல், இந்த ஒரு பையனை எப்படி ஞாபகம் இருக்கிறது என்று நடுவர் கேட்டார்.

"ஊசி போட்டு முடிச்சு எழுபதுன்னு எழுதுனேன்மா. இவன் எட்டிப் பாத்துட்டு, எழுபத்தொண்ணு, ஒண்ணை விட்டுட்டீங்கன்னான். எனக்குக் கோபம். மறுபடி எண்ணுனா எழுபத்தொண்ணுதான். அடிச்சு எழுதுனேன். என்னை ஆடு எண்ணத் திருத்துன ஆளை எப்படிம்மா மறக்க முடியும்?"

இந்தச் சிறார் இந்தக் குற்றத்தைச் செய்யவில்லை என்று குழுமம் முடிவு எழுதியது. வராந்தாவில் அவள் அதை அவனுக்கு வாசித்தாள். "மறுபடி படிங்கக்கா" என்றான். மூன்று தடவை வாசித்தாள். வக்கீல் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அவர் வாங்கிக் கொடுத்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஆவணியில் நாகலாபுரத்து நிலக்காரர் ஒருவர் கிடைக்குக் கூப்பிட்டுவிட்டதாக அம்மா வந்து சொன்னாள்.

கேட்டுச்சொல்லி அந்த வருஷமே படிப்பை முடித்தாள். பதிவு செய்து வக்கீலாகி வேறு ஊருக்குப் போனாள். போகிற அன்று என் மேஜையில் ஒரு மனு வைத்திருந்தாள். வெறும் மாதிரி மனு. ஓரம், தலைப்பு, வேண்டுதல் எல்லாம் சரியாக இருந்தது. திருத்த ஒன்றும் இல்லை. அதைக் கோப்பில் போட எனக்கு மனசில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நான் பார்த்த வக்கீல்களில் அவளைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் நிறைய. பேசுவதற்கு முன் கேட்டவர் அவள் ஒருத்திதான்.

மையம் இன்னும் நடக்கிறது. சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஒரு கோப்பில் ஒரு தாள் சேர்க்க வேண்டுமென்று ஒரு வியாழக்கிழமையும் போய்த் திறந்தேன். தபால்காரர் ஒரு பழுப்புக் கவரைக் கொடுத்தார். பையனின் பெயருக்கு முன்னால் 'திரு.' என்று போட்டிருந்தது. கால்நடைத் துறை.

"பிரிச்சுப் பாருங்க அண்ணாச்சி, என்னமும் முக்கியமா இருக்கப் போகுது" என்றார்.

"என் பேர் இல்லையே. கேட்டுத்தான் பிரிக்கணும்" என்றேன்.

அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பையனுக்குப் போன் செய்தேன். பின்னால் ஆட்டுச் சத்தம். பதில் வந்திருக்கிறது, பிரிக்கட்டுமா என்று கேட்டேன். பிரிக்கச் சொன்னான். உள்ளே ஒரே ஒரு பக்கம், நகல்.

"எழுபத்தொண்ணுன்னு இருக்கா சார்?"

எழுபது அடிக்கப்பட்டு, பக்கத்தில் எழுபத்தொன்று. அடித்த இடத்தில் டாக்டரின் சுருக்கொப்பம். ஆட்டைப் பிடித்தவர் என்ற இடத்தில் அவன் பெயர். வாசித்துக் காட்டினேன். வக்கீலம்மாவுக்கு நான் தகவல் சொல்லட்டுமா என்றும் கேட்டேன்.

"வேண்டாம் சார். அக்காட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

கவரை மேஜையில் வைத்துவிட்டு, பதிவேட்டை எடுத்து, அவன் மனு பதிவான வரியைத் தேடிப் பிடித்தேன். பதினான்கு மாதமாகக் காலியாக இருந்த கட்டத்தில், மையினால், பதில் பெறப்பட்ட நாளை எழுதினேன்: பிப்ரவரி 29.